பதில் வரும், உட்காருங்கள்

மலேசியாவில், கெடாவின் சுங்கை லாலாங்கில் பிறந்தவனுக்கு ஒரு தொல்லை உண்டு. வெளியூர்க்காரரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால், "ஓ, பூஜாங் பள்ளத்தாக்குப் பக்கமா?" என்பார். ஆமாம் என்று தலையாட்டினால் தீர்ந்தது. அடுத்த முக்கால் மணி நேரத்துக்கு ராஜேந்திர சோழன், 1025, கப்பற்படை, கடாரம் கொண்டான்; கடாரம்தான் எங்கள் கெடா. பக்கத்து மேசைக்காரரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சேர்ந்துகொள்வார். சோழன் நேற்று ராத்திரிதான் அவருக்குப் போன் பண்ணிய மாதிரி பேசுவார்.

ராஜேந்திரன்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் என் பிழைப்புக்கு அவர் உதவமாட்டார். கிளவுடில் ஓடும் செயலிகளுக்கு நிரல் எழுதுகிறவன் நான். எங்கோ இருக்கும் யாருடைய சர்வரிடமோ ஒன்றைக் கேட்டுவிட்டு, பதில் வருமா வராதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் இதில் பாதி வேலை. ராஜேந்திரன் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. நேரே வந்து இறங்கிவிட்டார். என் தொழிலுக்குக் குலதெய்வம் என்றால் அது கெடா சுல்தான் அப்துல்லா முகாராம் ஷாதான். ஒரே ஒரு கேள்வி கேட்டார். காத்திருந்தார். காத்திருந்தபடியே 1797இல் போய்ச் சேர்ந்தார்.

அவர் கதைக்கு முன்னால் என் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன், தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது, பீடோங்கில் ஒரு மாமாக் கடையில் தே தாரிக்கோடு உட்கார்ந்திருந்தேன். பலகாரம் விற்கும் ஒரு செயலியை நான்தான் எழுதியிருந்தேன். போன் அடித்தது. பலகாரக்கார அக்கா.

"தம்பி, என்னலா இது? யார் பொத்தானை அழுத்தினாலும் சுத்திக்கிட்டே இருக்குதாம். முறுக்கு வாங்க வந்தவங்க எல்லாம் என்னைத் திட்டுறாங்க."

மடிக்கணினியைத் திறந்து லாக் பார்த்தேன். வரிசையாக ஒரே வரி: அனுப்பினேன், அனுப்பினேன், அனுப்பினேன். 'வந்தது' என்று ஒன்றுகூட இல்லை. பணம் வசூலிக்கும் வெளிச்சேவை ஒன்று அன்றைக்கு மந்தமாகிவிட்டிருந்தது. கவனியுங்கள், சாகவில்லை, மந்தம். செத்திருந்தால் பரவாயில்லை. செத்த சர்வர் பெரும்பாலும் கதவை முகத்தில் அறைந்துவிடும், நாமும் வேறு வேலை பார்க்கலாம். மந்தமான சர்வர் கதவைத் திறந்து, "உட்காருங்க, இதோ வர்றேன்" என்று உள்ளே போய்விடும். என் செயலியில் ஒரே நேரத்தில் கோரிக்கைகளைக் கவனிக்க மொத்தம் 40 ஆள். ஒவ்வொருவனாக உள்ளே போய் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் 40 பேரும் தோட்டத்தில் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்கிற மாதிரி அடுத்தவன் வாசலில் நிற்க, என் கடையில் விளக்கு எரிகிறது, கல்லாவில் ஆள் இல்லை. பணம் கட்டத் தேவையில்லாத, விலைப்பட்டியல் மட்டும் பார்க்க வந்தவருக்குக்கூடப் பதில் சொல்ல நாதி இல்லை.

குற்றம் யாருடையது? மந்தமானது அவர்கள், படுத்தது நான். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று நான் எழுதவே இல்லை. பைத்தானில் எல்லோரும் புழங்கும் 'ரிக்வெஸ்ட்ஸ்' நூலகத்துக்கு நாமாகக் காலவரை சொல்லாவிட்டால், அது பாட்டுக்குக் காத்திருக்கும். கற்புக்கரசிபோல. கோ மொழியில் தயாராகக் கிடைக்கும் இணையக் கருவியும் அதே ஜாதகம். டாட்நெட்காரர்கள் மட்டும் 100 வினாடி என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள்; அதுவும் முறுக்கு வாங்குகிறவருக்கு நீண்ட ஆயுள்தான்.

இனி சுல்தான்.

கதை அவருடைய அப்பா முகமது ஜீவா காலத்தில், நம் மதராஸில் தொடங்குகிறது. சிலாங்கூர் பூகிஸ்காரர்கள் கெடாவுக்குள் புகுந்து துவம்சம் செய்த நேரம். பெரியவருக்கு உதவி வேண்டும். மதராஸ் வணிகர்களுக்காகக் கப்பல் ஓட்டிக்கொண்டிருந்த பிரான்சிஸ் லைட் என்ற கேப்டன் 1771இல் கெடாவில் வந்து நிற்கிறார். "துறைமுகம் தருகிறேன், சிலாங்கூர்காரனை அடிக்க ஆள் கொடு" என்கிறார் சுல்தான். லைட் ஊருக்கெல்லாம் கடிதம் எழுதுகிறார். 1772இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து எட்வர்ட் மாங்டன் என்ற தூதர் வந்து சேர்கிறார். துறைமுகம் வேண்டும் என்கிறார். ஆள்? அது மட்டும் முடியாது. பேச்சு முறிந்தது.

இது நல்ல பதில் என்பேன். 'முடியாது' என்பது மரியாதையான சொல். நிரல் எழுதுகிறவனுக்குக் கிடைக்கும் பதில்களில் 'முடியாது'வைப்போல இனிமையானது இல்லை. சட்டென்று தெரிந்துவிடுகிறது, மாற்று வழி தேடலாம்.

மகன் அப்துல்லா பட்டத்துக்கு வந்தபோது வடக்கே சயாம் வளர்ந்து நின்றது. கெடா சயாமுக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 'பூங்கா மாஸ்' அனுப்பும்: தங்கத்தாலும் வெள்ளியாலும் செய்த பூமரம். சயாம் அதைக் கப்பம் என்றது. கெடா அதை நட்பு என்றது. எங்கள் மொழியில் அது 'கீப் அலைவ்'. "நான் இன்னும் இருக்கிறேன், இணைப்பைத் துண்டிக்காதே" என்று அவ்வப்போது அனுப்பும் சின்னச் செய்தி. எங்களுடையதற்குச் சில பைட்டுகள் போதும். சுல்தானுக்குத் தங்கம் செலவானது.

பூமரம் போதாது, துணைக்கு ஒரு பெரிய ஆள் வேண்டும் என்று சுல்தான் நினைத்தார். மறுபடியும் லைட். இந்த முறை கேட்டது கம்பெனியின் கல்கத்தாவை. பினாங்குத் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். பதிலுக்கு ஆண்டுக்கு 30,000 ஸ்பானிய டாலர் தாருங்கள். கடல் பக்கம் காவல் போடுங்கள். தரைவழியாக எதிரி வந்தால் ஆளும் ஆயுதமும் அனுப்புங்கள், அதன் செலவை நானே ஏற்கிறேன். எவ்வளவு தெளிவான கோரிக்கை! இப்படி எழுதிக்கொடுக்கும் வாடிக்கையாளர் எனக்கு இன்றுவரை அமையவில்லை.

கல்கத்தா என்ன சொன்னது? கடல் காவலுக்குக் கப்பல் வைக்கிறோம். பணத்தில் உங்களுக்கு நட்டம் வராமல் பார்த்துக்கொள்கிறோம். தரைவழி எதிரி விஷயம் மட்டும் லண்டன் மேலிடத்தின் உத்தரவுக்கு அனுப்பிவைக்கப்படும்.

இணையத்தில் இதற்கு ஓர் எண்ணே உண்டு: 202. 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று பெயர். கேட்டது கிடைத்துவிட்டது என்று பொருள் இல்லை. கேட்டது காதில் விழுந்தது என்று மட்டும் பொருள். ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியிடம் லயத்து வீட்டுக் கூரை ஒழுகுது என்று சொன்னால், "துரைக்கு எழுதியிருக்கேன்" என்பாரே, அதேதான். 202 தப்பில்லை. தந்தவன் கூடவே ஒரு டோக்கனும், எங்கே வந்து விசாரிப்பது என்ற முகவரியும் தர வேண்டும். சுல்தானுக்கு முகவரி தரப்பட்டது: லண்டன். பாய்மரக் கப்பலில் போக ஆறு மாதம், வர ஆறு மாதம். நடுவில் இயக்குநர்கள் சாப்பிட்டுக் கையலம்பும் நேரம் தனி.

லைட் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. 1786 ஜூலையில் பினாங்கில் இறங்கினார். ஆகஸ்ட் 11 அன்று கொடி ஏற்றி, மறுநாள் பிறந்தநாள் காணும் வேல்ஸ் இளவரசர் பெயரைத் தீவுக்குச் சூட்டினார். காட்டை அழிக்க ஆள் வராமல், பீரங்கியில் வெள்ளிக்காசை அடைத்துப் புதருக்குள் சுட்டார், காசைப் பொறுக்க வந்தவர்கள் காட்டை வெட்டிக்கொண்டே போனார்கள் என்று ஒரு கதை. உண்மையோ பொய்யோ, மனிதர் சுபாவம் தெரிந்தவர்.

பதில் வருவதற்குள் தீவு போய்விட்டது. எங்கள் தொழிலில் இதுதான் முதல் பாலபாடம்: காசு வந்து சேர்ந்தது என்று உறுதியாகும் முன் முறுக்கைக் கட்டிக் கொடுக்காதே. 'நிலுவையில்' என்று ஒரு பெட்டியில் போட்டு வை. சுல்தான் முறுக்கைக் கொடுத்துவிட்டார். லைட் இருபக்கமும் நன்றாகச் சிரிக்கத் தெரிந்த கேட்வே, அதாவது இடைவாசல். கல்கத்தா சொன்னதைச் சுல்தானிடம் மங்கலாக்கியும், சுல்தான் கேட்டதைக் கல்கத்தாவிடம் மென்மையாக்கியும் சொன்னார். 1788 வாக்கில் கம்பெனி தற்காப்பு உடன்படிக்கை கிடையாது என்று முடிவும் கட்டிவிட்டது. 'முடியாது' பிறந்துவிட்டது, கெடா அரண்மனைக்குத்தான் அது உரக்க வந்து சேரவில்லை.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கெடா கல்கத்தாவைக் கேட்கிறது. கல்கத்தா லண்டனைக் கேட்கிறது. உள்ளே இருக்கிறவனுக்கு ஒரு வருஷம் தேவை. வெளியே இருக்கிறவனுக்குச் சயாம் படை எந்த மாதம் வேண்டுமானாலும் வரலாம். உள்ளே இருப்பவனின் பொறுமை வெளியே இருப்பவனின் பொறுமையைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது விதி. இன்றும் இதே கூத்து நடக்கிறது. அமேசானின் ஏபிஐ கேட்வே வழக்கமாக 29 வினாடியில் கையை விரித்துவிடும். அதற்குப் பின்னால் நம் நிரலை ஓட்டும் லாம்டா 15 நிமிஷம்வரை ஓடலாம். "அட, 15 நிமிஷம் இருக்கே" என்று உள்ளே ஒருவன் 60 வினாடி காலவரை வைத்து உழைத்துக்கொண்டிருப்பான். வாடிக்கையாளர் அரை நிமிஷத்திலேயே செருப்பை மாட்டிக்கொண்டு போயிருப்பார். கேட்கும்போதே "எனக்கு இன்னும் இத்தனை வினாடிதான் மிச்சம்" என்று சொல்லிக் கேட்க வேண்டும். வாங்கியவன் தன் நேரத்தைக் கழித்துக்கொண்டு மீதியை அடுத்தவனுக்குச் சொல்ல வேண்டும்.

எவ்வளவு நேரம் என்பதை எப்படி முடிவு செய்வது? பழைய மாலுமிகளுக்குத் தெரிந்திருந்தது. 7ஆம் நூற்றாண்டில் வூசிங் என்ற சீனத் துறவி இதே கெடாவில் குளிர்காலம் முடியும்வரை தங்கி, கப்பல் ஏறி 30 நாளில் நாகப்பட்டினம் போய் இறங்கினார் என்று இன்னொரு சீனத் துறவியான யிஜிங் எழுதிவைத்திருக்கிறார். காற்று எப்போது திரும்பும், எத்தனை நாள் ஆகும் என்று தலைமுறை தலைமுறையாக அளந்து வைத்த கூட்டம் அது. 30 நாளில் வரவேண்டிய கப்பல் 60 நாளாகியும் வரவில்லை என்றால், துறைமுகத்தில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது வீண். அளப்பதுதான் வழி. 100 அழைப்பில் 99 இரண்டு வினாடிக்குள் முடிகிறதா? நாலைந்து வினாடி வை. கதவு திறக்க ஒரு கெடு, பதில் சொல்ல ஒரு கெடு என இரண்டையும் தனித்தனியாக வை. கதவே திறக்காதவனுக்கு அதிக நேரம் தரத் தேவையில்லை.

1791 வந்தது. ஐந்து வருஷக் காத்திருப்பு. சுல்தான் ரீட்ரை, அதாவது மறுமுயற்சி, செய்யத் தீர்மானித்தார். இம்முறை கடிதம் இல்லை. பினாங்குக்கு எதிர்க்கரையில் உள்ள பிறை என்ற ஊரில் படை திரட்டினார், கடற்கொள்ளைக்குப் பேர்போன லானூன்களின் படகுகளும் வந்தன. லைட் முந்திக்கொண்டார். ஏப்ரலில் விடியும் முன்னே பிறைக் கோட்டையில் பாய்ந்து அடித்துக் கலைத்தார். அதே வருஷம் உடன்படிக்கை: ஆண்டுக்கு 6,000 டாலர். கேட்டது 30,000. படை உதவி பற்றி ஒரு வரி இல்லை.

கோபத்தில் செய்யும் ரீட்ரை இப்படித்தான் முடியும். அக்காவின் செயலியில் வாடிக்கையாளர் ஒருவர் மூன்று தடவை அழுத்தினார். மூன்று தடவை பணம் போனது. நாம் காத்திருப்பதை நிறுத்திவிட்டோம் என்பதால் அந்தப் பக்கம் வேலை நடக்கவில்லை என்று ஆகாது. போயிருக்கலாம், போகாமல் இருக்கலாம், பாதி வழியில் நிற்கலாம். அதனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு ரசீது எண் ஒட்டி அனுப்ப வேண்டும். அதே எண் மறுபடி வந்தால், "இது ஏற்கெனவே வாங்கியாச்சு, இந்தாங்க பழைய பதில்" என்று அந்தப் பக்கம் சொல்லும்.

எல்லோரும் சேர்ந்து ஒரே நேரத்தில் ரீட்ரை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அமேசானே சாட்சி. 2015 செப்டம்பர் 20, வர்ஜீனியா. அவர்களுடைய டைனமோடிபி தரவுத்தளத்தின் சேமிப்பு சர்வர்கள் தங்களுக்கு எந்தப் பங்கு என்ற பட்டியலை உள்ளேயே இருக்கும் வேறொரு சேவையிடம் கேட்டன. பட்டியல் நீண்டுபோயிருந்தது, பதில் கெடுவைத் தாண்டியது. கேட்டவை மறுபடி கேட்டன, எல்லாமும் கேட்டன, கூட்டம் கூடக்கூடப் பதில் இன்னும் தாமதமானது. கூடுதல் ஆள் போடக்கூட உள்ளே நுழைய முடியவில்லை. கடைசியில் கேள்வி கேட்பதையே கொஞ்சம் நிறுத்திவைத்த பிறகுதான் மூச்சு வந்தது. அதனால்தான் முதல் ரீட்ரைக்கு ஒரு வினாடி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று விலகி விலகிக் கேட்கச் சொல்கிறார்கள்; அதிலும் ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்பின்னாக. மூன்று தடவைக்குமேல் வேண்டாம். தொடர்ந்து தோற்றால், வீட்டு மின்பெட்டியில் சட்டென்று விழும் சுவிட்சைப்போல, கொஞ்ச நேரத்துக்கு அந்தப் பக்கமே அழைக்காமல் இருப்பது. மைக்கேல் நைகார்ட் 2007இல் எழுதிய புத்தகம் இந்தச் 'சர்க்கிட் பிரேக்கர்' யோசனையைப் பரப்பியது. சுல்தானுக்கு 216 வருஷம் தாமதம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1800இல் பிறைப் பக்கத்து நிலமும் போனது. ஆண்டுத் தொகை 10,000 டாலர் ஆனது. 1821 நவம்பரில், 35 வருஷமாகப் பயந்துகொண்டிருந்த அதே சயாம் படை வந்தேவிட்டது. அப்துல்லாவின் மகன் அகமது தாஜுதீன் பினாங்குக்கு ஓடினார். அப்பா கொடுத்த தீவில் மகன் அகதி. தங்க இடம் கிடைத்தது, படை கிடைக்கவில்லை. 1826இல் பர்னி உடன்படிக்கையில் கெடா சயாமிடமே இருக்கட்டும் என்று ஆங்கிலேயர் கையெழுத்தும் போட்டார்கள். எங்கள் தொழில் எண்ணில் இது 504: நடுவில் நிற்பவர் வெளியே வந்து, "பின்னாடி இருக்கிறவர் பேசமாட்டேங்கிறார்" என்று சொல்வது. சாதாரணமாக 29 வினாடியில் சொல்லிவிடுவார்கள்.

சிரிப்பு இனிமேல்தான். இத்தனைக்குப் பிறகும் ஒன்று மட்டும் தொடர்ந்தது: அந்த 10,000. கம்பெனியை 1874இல் கலைத்தார்கள், பணம் போனது. 1957இல் மெர்டேக்கா (சுதந்திரம்), பணம் போனது. மலேசியா பிறந்த பிறகும் பினாங்குக்காகக் கெடாவுக்கு ஆண்டுக்கு 10,000 ரிங்கிட் வந்துகொண்டே இருந்தது. 2018இல் அதை 10 மில்லியனாக உயர்த்தினார்கள். பழைய சர்வர் அறைகளில் இப்படி ஒன்று கண்டிப்பாக இருக்கும்: எழுதியவன் போய்ச் சேர்ந்து, நிறுவனமே மூடிய பிறகும் வேளை தவறாமல் ஓடும் ஒரு 'கிரான் ஜாப்'. என்னவென்று யாருக்கும் தெரியாது, நிறுத்தவும் யாருக்கும் தைரியம் இல்லை.

அப்படியானால் சுல்தானின் அசல் கேள்விக்குப் பதிலே வரவில்லையா? வந்தது. 1909இல். பாங்காக்கில் உடன்படிக்கை போட்டுச் சயாம் கெடாவை ஆங்கிலேயருக்கு மாற்றிக்கொடுத்தது. சயாமிடமிருந்து காப்பாற்றச் சொல்லிக் கேட்ட ஊரைக் காப்பாற்ற ஆங்கிலேய ஆலோசகர் வந்து இறங்கினார், 123 வருஷம் கழித்து. கேட்டவர் இல்லை, அவர் மகன் இல்லை, கேட்ட உதவியும் அது இல்லை. காலங்கடந்து வரும் பதிலை வாங்கிக்கொள்ளக் கூடாது, எந்தக் கேள்விக்கான பதில் என்று எண்ணைச் சரிபார்த்துக் கீழே போட்டுவிட வேண்டும் என்று நாங்கள் எழுதிவைப்பது இதனால்தான். கெடாவில் அப்படி எழுதிவைக்க யாரும் இல்லை. பதில் உள்ளே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது.

கூடவே ரப்பரும் பெருகியது. தென் கெடாக் காடுகள் தோட்டங்களாயின. மரம் வெட்டவும் பால் சீவவும் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்த கூட்டத்தில் என் பாட்டனும் இருந்தார். பெரட்டுக்கு நின்றார், லயத்தில் படுத்தார், கூரை ஒழுகுவதைக் கிராணியிடம் சொன்னார். ஆக, நான் சுங்கை லாலாங்கில் பிறந்ததற்கு ராஜேந்திர சோழன் காரணமே இல்லை. தாமதமாக வந்த ஒரு பதிலின் பக்கவிளைவு நான்.

பலகாரக்கார அக்கா போன் பண்ணிய அன்றிரவு பதினொன்றரைக்கு நிரலைத் திருத்தினேன். கதவுக்கு மூன்று வினாடி, மொத்தம் பத்து. பத்து தாண்டினால் திரையில் ஒரு வரி: "பணம் போனதா என்று பார்த்துச் சொல்கிறோம். மறுபடி அழுத்த வேண்டாம்." பணம் கட்டுகிற ஆட்களைத் தனியாகப் பிரித்து, 40 பேரில் பத்துப் பேருக்குமேல் அந்த வாசலுக்குப் போகக் கூடாது என்று கட்டினேன். அந்த வெளிச்சேவை விடியும்வரை மந்தமாகத்தான் இருந்தது. கடை நடந்தது. காலையில் அக்கா ஒரு டப்பா முறுக்கு அனுப்பினார்.

போன வாரம் அதே மாமாக் கடை. எதிரில் உட்கார்ந்த பெரியவர், "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "பூஜாங் பக்கமா?" என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பத்து வினாடி கொடுத்தேன். எழுந்துவிட்டேன்.